யாரும் ஓட்டாத கார்

"அதைத்தான் தங்கச்சி நானும் மூணு வாரமா யோசிக்கிறேன். வளந்த மனுசங்கிட்ட அதை எப்படிப் போய்ச் சொல்றது?"

"எதைச் சொல்லோணுமுங்க?"

"அந்தக் காரை ஓட்டறது அவரு இல்லைன்னு."

உமாராணி கையிலிருந்த குடையை மடக்க மறந்து நின்றாள். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்தாள். மூன்று விளையாட்டு மெஷின்கள் ஆளில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தன. நான்காவதற்குச் சீட்டும் ஸ்டீரிங்கும் இருந்தன. அந்தச் சீட்டில் அவள் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி, ஃபேக்டரிக்குப் போட்டுப்போகும் அதே நீல ஸ்வெட்டரோடு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் கூரையில்லாத ஒரு மஞ்சள் கார் கடலோரச் சாலையில் போனது. சாலை இடப்பக்கம் வளைந்தது. அவர் கைகளும் இடப்பக்கம் வளைந்தன.

"அவருதானுங்களே திருப்பறாரு?"

"அவரும் திருப்பறாரு, காரும் திரும்புது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை." கடைக்காரர் மனுவேல் குரலைத் தாழ்த்தினார். "டோக்கன் போடலைன்னா, ஆளைக் கூப்பிடறதுக்காக மெஷினே ஓட்டிக் காட்டிக்கிட்டு இருக்கும். டெமோன்னு பேரு. மூலையில இங்கிலீஷ்ல மினுக்குது பாருங்க. இன்னிக்கு வரைக்கும் அவரு ஒரு டோக்கன் வாங்கலை. ஸ்கூல் பசங்க பாத்துட்டு வெளிய போய்ச் சிரிக்கறாங்க. எனக்கு மனசு கேக்கலை. நீங்க கட்டுனவங்க, பக்குவமாச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

குன்னூர் கீழ் பஜாரில் இந்தக் கடை முன்பு போட்டோ ஸ்டூடியோவாக இருந்தது. பின்சுவரில் பழைய படுதா இன்னும் தொங்கியது. அதில் ஒரு கடல், ஒரு பாய்மரப் படகு. வீட்டைச் சுற்றி மலை நிற்கும் ஊரில், எல்லோரும் கடலின் முன்னால் நின்றுதான் படமெடுத்துக்கொள்ளப் பிரியப்பட்டார்கள். அந்தக் கடலுக்கு முன்னால் இப்போது திரைக்குள் இன்னொரு கடல். வாசல் வழியே ஆடி மாத மஞ்சு புகை மாதிரி உள்ளே வந்து, இரண்டு கடலுக்கும் நடுவே தங்கி நின்றது.

அவள் வந்தது இதைக் கேட்பதற்கு அல்ல. காலையில் டீ ஃபேக்டரி முதலாளி சுப்பண்ணன் ஜெகதளாவிலிருந்து இறங்கி அவர்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கே வந்திருந்தார். திங்கட்கிழமையிலிருந்து இரண்டு மாதமாக நின்றுகிடக்கும் ஃபேக்டரியை வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டிப் பார்க்கப் போகிறாராம். "உங்க ஊட்டுக்காரன் வர்றானா இல்லையான்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குச் சொல்லியாகோணும் உமா. கோத்தகிரியில ஒரு டீ மேக்கர் பொட்டியக் கட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கான். அவன் வந்தா இந்த ஊட்டையும் அவனுக்குத்தான் குடுத்தாகோணும். எனக்கு வேற வழியில்லை." போன வாரம் இதையே வெள்ளியங்கிரியிடம் நேரில் கேட்டாராம். "பாக்கலாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாராம்.

குன்னூரில் வேலை தேடுகிறேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். அவரைத் தேடி வந்தவளுக்கு பஸ் கண்டக்டர்தான் இந்தக் கடையைக் கைகாட்டினார்.

தேயிலை விலை சரிந்து இது மூன்றாவது வருஷம். பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று ஆட்கள் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நின்ற செடிகள் தலைக்கு மேலே வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே பஸ் வரும்போது, யாரோ தூங்கிக்கொண்டே வளர்த்த காட்டுக்குள் போவது போலிருக்கும். வெள்ளியங்கிரி பதினான்கு வருஷம் அந்த ஃபேக்டரியில் டீ மேக்கர், இலையைத் தூளாக்கும் பொறுப்பு முழுக்க அவருடையது. கடைசியாக அவர் செய்த தூள் மூன்று முறை ஏலத்துக்குப் போய், மூன்று முறையும் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தது. மூன்றாம் முறை திரும்பிய அன்று ஃபேக்டரி நின்றது. அன்றிரவு அவர் அடுப்படிக்கு வந்து, "இனி இந்த ஊட்டுல டீ வெக்காதே" என்றார். டீ மேக்கர் வீட்டில் சிக்கரிக் காப்பி குடிக்கிறார்கள் என்று குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கக் கேலி பேசியது.

"முதல்ல இதைக் குடிங்க. நனைஞ்சு வந்திருக்கீங்க." மனுவேல் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

டீ. இரண்டு மாதத்துக்குப் பிறகு. முதல் மடக்கு நாக்கின் இரண்டு ஓரத்தையும் மெல்லக் கிள்ளியது. பிறகு தொண்டையில் ஒரு சூடு இறங்கி, நெஞ்சுக்குழியில் விளக்கேற்றியது போல நின்றது. பால் கலந்தும் அதன் செம்பு நிறம் மங்கவில்லை.

"நல்லா இருக்குதுங்களே அண்ணா. எந்தக் கடைத் தூளு?"

"கடையா? உங்க ஊட்டுக்காரரு கொண்டாந்ததுதான். சீட்டுக்கு வாடகைன்னு சொல்லி வாரா வாரம் ஒரு பொட்டலம் வெச்சிடறாரு. ஏலத்துல போகாத சரக்காமே? போகாததே இப்படி இருந்தா போனது எப்படி இருக்குமோ!"

அவள் மிச்சத்தை நின்றபடியே மெதுவாகக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். அப்புறம்தான் அந்தச் சீட்டுக்கு அருகே போனாள்.

"ஏனுங்க."

"வா புள்ள." அவர் திரும்பவில்லை. அவள் வந்ததில் ஆச்சரியப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. "சித்த இரு. சுரங்கம் வருது பாரு."

சுரங்கம் வந்தது. கார் இருட்டுக்குள் போய், வெளிச்சமான மணல்காட்டில் வெளியே வந்தது. எப்படி ஆரம்பிப்பது? ஏற்கெனவே உடைந்து போனவரிடம் இதையும் சொல்ல வேண்டுமா? அவள் புடவை முந்தியை முறுக்கினாள்.

"அந்த மூலையில... என்னமோ எழுதியிருக்குதுங்களே."

"டெமோ."

"அப்படீன்னா?"

"நான் ஓட்டலீன்னு அர்த்தம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு மாதமாக அவள் கேட்காத சிரிப்பு. "மனுவேலண்ணன் சொல்லச் சொன்னாராக்கும்? பாவம், மூணு வாரமா நெளியறாரு. எனக்கு மொத நாளே தெரியும் புள்ள. மூக்கைச் சொறியறதுக்குக் கைய எடுத்தேன். காரு அதும்பாட்டுக்குப் போச்சு."

"தெரிஞ்சேவா தெனமும் வந்து உக்காந்தீங்க?"

"மொத நாள் வெக்கமா இருந்துச்சு. ரெண்டாம் நாள் சிரிப்பு வந்துச்சு. மூணாம் நாள் என்னமோ ஒரு நிம்மதி." கைகள் வலப்பக்கம் சாய்ந்தன, மணல்மேட்டைச் சுற்றிக் கார் வலப்பக்கம் போனது. "பதினாலு வருசம் நாந்தான் ஓட்டறேன்னு நெனச்சிட்டு இருந்தேன். இலை வாடற பக்குவம், டிரையர் சூடு, எல்லாமே எங்கையிலன்னு. எங்கியோ ஏலத்துல எவனோ ஒருத்தன் வேண்டாமுன்னு தலையாட்டுனா அம்புட்டும் போச்சு. அப்ப ஓட்டுனது ஆரு? ஆரோ ஓட்டறாங்க, நாம உக்காந்திருக்கோம். இடிச்சாலும் அது நாம இல்லை. இது புரிஞ்ச பொறகு நெஞ்சுல பாரமே இல்லை புள்ள."

சாமியார் மாதிரி சொன்னார். முகமும் அப்படித்தான், கழுவி வைத்த பாத்திரம் போல இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் உமாராணிக்குப் பயம் வந்தது. இவர் கோபமாக இருந்தால் சண்டை போட்டு இழுத்துப் போய்விடலாம். இவ்வளவு நிம்மதியாக இருப்பவரை எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

திரையில் மறுபடியும் கடல் வந்தது. சாலை வளைய இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அதற்குள் அவர் கைகள் தானாகத் தயாராவதை அவள் பார்த்தாள்.

"அத்தனை நிம்மதின்னா, எதுக்குக் கையத் திருப்பறீங்க?"

"ம்?"

"காரு அதும்பாட்டுக்குப் போகுது. நீங்க மடியில கைய வெச்சிட்டு வேடிக்கை பாக்க வேண்டியதுதான? எதுக்குத் திருப்பறீங்க?"

"அது... பழக்கம்" என்றார்.

"எந்திரிங்க. நான் உக்காந்து பாக்கறேன்."

சீட்டு குறுகலாக இருந்தது. முதல் சுற்று முழுக்க அவள் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கார் போனது, வந்தது. டிவி பார்ப்பது போலிருந்தது. இரண்டாம் சுற்றில் ஸ்டீரிங்கைப் பிடித்தாள். அவர் கைச்சூடு அதில் இன்னும் இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அவள் தாமதமாகத் திரும்பினாள். கார் அவளுக்காகக் காத்திருக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பின்னால் மனுவேல், "ஐயோ, இப்ப ரெண்டு பேருமா!" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

மூன்றாம் சுற்றோ, நான்காம் சுற்றோ, எண்ணிக்கை தப்பிய பிறகு ஒரு வளைவு வந்தது. அது வருவது அவள் தோளுக்கு முதலில் தெரிந்துவிட்டது. கையும் சாலையும் ஒன்றாக வளைந்தன. கடைக்குள் வந்த மஞ்சு கண்ணாடித் திரையில் படிந்து, கடல் எங்கே முடிகிறது, படுதாவின் கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போனது. அந்தப் பாய்மரப் படகின் பக்கமாகவே கார் போவது போலிருந்தது. அவள் ஓட்டவில்லை. அது நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் ஒரு வளைவையும் தவற விடக்கூடாது என்று இருந்தது. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பரிசு இல்லை, தோல்வி இல்லை, மார்க் போட ஆளில்லை. அவள் உடம்பு முழுக்க ஒரு காரியத்தில் இருந்தது, அவ்வளவுதான். கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது எப்போதாவது, ஒரு நொடி மட்டும் வந்து போகுமே, அது இங்கே வளைவுக்கு வளைவு வந்துகொண்டே இருந்தது.

அப்போது அவர் தூக்கம் நினைவுக்கு வந்தது. இந்த இரண்டு மாதமாக, தூக்கத்தில் அவர் வலது கை தலையணை ஓரத்தைப் பற்றி உருண்டையாகப் பிடிக்கும். கொஞ்சம் அழுத்தும். பிறகு விரல்களை மெல்ல விரிக்கும். ஃபேக்டரியில் பச்சைத் தேயிலையை வாட்டும் தொட்டியில் இலை பதமாகிவிட்டதா என்று பார்க்க அவர் செய்வது அதுதான்: ஒரு பிடி இலையை அழுத்தி விட்டால், அது உடையாமல், அவசரப்படாமல் மலர வேண்டும். தலையணை மலர்வதைத் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த மனிதரா கையை மடியில் வைக்கப் போகிறார்?

"மெஷினுக்காக நீங்க திருப்பலீங்க" என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "வளைவு வருது, திருப்பறீங்க. அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருக்குது."

அடுத்த வளைவுக்கு ஸ்டீரிங்கைத் திருப்பினாள்.

"மனுவேலண்ணன் ஒரு டீ குடுத்தாரு. குடிச்சேன்."

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "எப்படி இருந்துச்சு?"

சாமியார் குரல் அல்ல. மாதிரித் தூளில் போட்ட டீயை முதலாளி வாயில் வைக்கும்போது பக்கத்தில் நின்று கேட்பாரே, அந்தக் குரல்.

"நாக்கைக் கிள்ளுச்சு. அப்பறம் இறங்கி நெஞ்சுல நின்னுச்சு. ஏலத்துல போகாதது அதுக்குத் தெரியாதுங்க."

அவர் சீட்டின் முதுகில் கை வைப்பதை அவள் உணர்ந்தாள். வெளியே பஸ் ஸ்டாண்டில், அவர்கள் குவார்ட்டர்ஸ் வழியாகப் போகும் ஜெகதளா பஸ் கிளம்புவதற்கு முன் அடிக்கும் முதல் ஹாரன் கேட்டது. திரையில் சுரங்கம் வந்துகொண்டிருந்தது. அவள் கைகளை எடுக்கவில்லை.

"சுப்பண்ணன் காத்துட்டு இருக்காருங்க. ஊடு போயிருமேன்னு கேக்கலை, வெலை ஏறுமான்னும் கேக்க மாட்டேன். திங்கக்கெழமை என்னையும் கூட்டிட்டுப் போங்க. தொட்டியில ஒரு பிடி இலைய எடுத்து அழுத்திப் பாத்துட்டு, வாடியிருச்சா இல்லியான்னு அது ஒண்ணை மட்டும் எங்கிட்டச் சொல்லுங்க."