கடைசிப் பக்கம் சரியில்லை

பன்னிரண்டு வருஷமாக இந்தப் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்து வாங்கி அடுக்குபவள் நான்தான். ஏதாவது புத்தகம் கூடாதென்று பெற்றோருக்குத் தோன்றினால் அதற்கொரு ஆட்சேபணைப் படிவம் வைத்திருக்கிறோம். இதுவரை ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை. திங்கட்கிழமை காலை, நிரப்பிய முதல் படிவத்தைத் தலைமையாசிரியை என் மேசையில் வைத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. கூடப்பிறந்த என் அண்ணன்!

"உங்க அண்ணனா இருந்தாலும் முறைப்படி பதில் எழுதிடுங்க. வைக்கிறதா, எடுக்கிறதான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'புத்தகத்தை முழுவதும் படித்தீர்களா?' என்ற கேள்விக்கு 'நாலு தடவை' என்று எழுதியிருந்தான். லாரி மெக்கானிக் அவன். மருந்துச் சீட்டைக்கூட முழுசாகப் படிக்க மாட்டான். 'ஆட்சேபணை என்ன?' 'கடைசிப் பக்கம் சரியில்லை.' 'பதிலாக எந்தப் புத்தகம் வைக்கலாம்?' அந்த இடம் காலி.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுத்த தெருவில் குடியிருக்கிறான். வாயைத் திறந்து என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

அந்தப் புத்தகத்துக்கு நூலகத்தில் இரண்டு பிரதிகள். ஒன்று அண்ணன் மகள் சிட்டுவிடம் இருந்தது. ஐந்தாவது படிக்கிறாள், ஆறு தடவை புதுப்பித்திருக்கிறாள். அலமாரியிலிருந்த மற்றதை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கிழிசல் இல்லை, கிறுக்கல் இல்லை, அச்சுப் பிழைகூட இல்லை. வீட்டைவிட்டுப் போன அம்மா திரும்பி வரவில்லை, அப்பா சமைக்கிறார், கருகிப் போகிறது, மகள் சாப்பிடுகிறாள். இதில் இவனுக்கு என்ன கேடு? மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் நேராகப் பட்டறைக்குப் போனேன். லாரிக்கு அடியில் கிடந்தவனின் காலைத் தட்டினேன்.

"என்னண்ணே இது கூத்து? என் மானத்தை வாங்கணும்னே எழுதிக் கொடுத்தியா?"

வெளியே வந்தவன் கரிக்கையைத் துடைக்கக்கூட இல்லை. "நடிக்காதே. எல்லாம் தெரிஞ்சுதானே அந்தப் புத்தகத்தை வாங்கி வச்சே? நேர்ல கேக்காம, குத்திக் காட்டுறியா?"

"எது தெரிஞ்சு?"

"உன் அண்ணி எங்களை விட்டுட்டுப் போனது."

"அவங்க அம்மாவுக்கு முடியலன்னு பாத்துக்கத்தானே போயிருக்காங்க? நீதானே சொன்னே?"

அவன் என்னையே பார்த்தான்.

"அண்ணே, அதைப் போன வருஷமே வாங்கி அடுக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்போ... நானாத்தான் உளறிட்டேனா?" என்றவன் டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். மூணு மாசமாம். இனி வரமாட்டேன் என்று அண்ணி தீர்த்துச் சொல்லிவிட்டாளாம். "சிட்டுகிட்ட நான் இன்னும் சொல்லல. அவ அந்தக் கடைசிப் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் படிக்கிறா. பயமா இருக்கு. எடுத்துடும்மா."

இத்தனை நாள் இவனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேனே, என்னத்தைப் பார்த்தேன்? விதிமுறையாவது மண்ணாவது, எடுத்துவிடலாம் என்றுதான் அன்றிரவு நினைத்தேன். மறுநாள் அலமாரியைத் துழாவி, கடைசியில் அம்மா திரும்பி வருகிற கதைகளாக மூன்று பொறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சிட்டு ஏழாவது தடவை புதுப்பிக்க வந்தாள்.

"இதை வச்சுட்டு, இதுல ஒண்ணு எடுத்துக்கோ கண்ணு."

மூன்றையும் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் முடிவை மட்டும் பார்த்தாள். அடுக்கி என் பக்கமே தள்ளினாள்.

"வேணாம் அத்தை. அம்மா வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அப்பா போன்ல பேசினதைக் கேட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குடி இதையே படிக்கிறே?"

"இதுல அந்தப் பொண்ணும் அவ அப்பாவும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறாங்க" என்றாள். "எங்கப்பா எனக்குப் போட்டு வச்சுட்டு வாசல்ல போய் நின்னுக்கிறாரு."

தேதி முத்திரையைக் குத்திப் புத்தகத்தை அவளிடமே கொடுத்தேன். படிவத்தில் 'புத்தகம் நூலகத்திலேயே இருக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எடுத்துட்டியா?" என்றான்.

"இல்லண்ணே. ராத்திரி நீயும் ஒரு தட்டு எடுத்துக்கிட்டு அவ பக்கத்துல உக்காரு."