ஏழாம் பாடத்தில் வெட்டிய ஒரு நிமிடம்

1

இது எனக்குத் தானாகத் தோன்றிய கதை இல்லை. தையற்காரரிடம் சட்டை தைக்கக் கொடுப்பதுபோல, அளவு சொல்லி என்னிடம் கேட்ட கதை.

இயற்கை விவசாயத்துக்கு மாற நினைப்பவர்களுக்காக ஒரு பயிற்சி நிலையம் பன்னிரண்டு பாடங்களைப் படம் பிடித்து, செல்போனில் பார்க்கிறபடி வைத்திருக்கிறது. ஏழாம் பாடம் எரு தயாரிப்பது. அதைப் பார்த்து முடித்தவர்கள் மனம் தளராமல் இருக்க, அடியில் ஒரு பக்க அளவில் நம்பிக்கையூட்டும் கதை வேண்டும் என்றார் பாடப் பொறுப்பாளர். கதையில் ஒரு பெண் இருக்க வேண்டும். அவள் பாடம் பார்த்து, எரு போட்டு, விளைவித்து, கடைசியில் சிரிக்க வேண்டும். பூச்சி, சண்டை, மழை மூன்றும் வரக் கூடாது.

கோபத்தோடு ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் எனக்கு அழகாக இருக்கும். உண்மையில் ஆசையாகத்தான் ஒப்புக்கொண்டேன். கோபம் பிறகு வந்தது, இன்னும் போகவில்லை. வாக்கியங்கள் அங்கங்கே முறைத்துக்கொண்டு நின்றால் காரணம் அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் ஆரம்பம்: கிழக்கு வெளுக்கும் நேரத்தில், பசுமை போர்த்திய தன் தோட்டத்தில் அவள் ஒரு தேவதையைப் போல

(நிறுத்திவிட்டேன். எரு அள்ளுகிறவர்கள் தேவதையைப் போல நிற்பதில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.)

இரண்டாவது ஆரம்பம்: மண் நமக்குத் தாய்.

(இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தும் அது அங்கேயே இருந்தது.)

மூன்றாவது ஆரம்பம்: உர மூட்டையைத் தோளில் சுமந்தபடி அந்தக் கொடிய அண்ணன்

(வில்லன் ஒருவர் கிடைத்தால் என் வேலை பாதியாகக் குறையும். ஆனால் அந்த அண்ணனை நான் நேரில் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு கை வரவில்லை.)

ஆமாம், பாடங்களை முடித்த ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று நானாகக் கேட்டுப் போனேன். ஓணானைத் தூக்கி மடியில் விட்டுக்கொண்டது அப்படித்தான். இனிக் கதை அவளுடையது. நான் அடைப்புக்குறிக்குள் போய்விடுகிறேன், முடிந்த வரைக்கும்.

3

அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவாக ஒரு நிலம். தங்கையின் கணவர் லாரி ஓட்டுகிறார், வீட்டுக்கு வருவதே விருந்தாளி போலத்தான். நிலத்தில் உழவும் தெளிப்பும் அண்ணனுடையது. பூச்சி மருந்தை வாளியில் கலக்கிக் கொடுப்பது தங்கையின் வேலை. பல வருடம் அப்படிக் கலக்கியதில் அவள் உள்ளங்கை தோல் உரிந்து, சோப்புப் போட்டால் கண்ணில் நீர் வரும் அளவுக்கு ஆனது. மருந்தைத் தொடாதே என்றார் டாக்டர். தொடாமல் நிலத்தில் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் அவளுக்குப் பாடங்கள் அகப்பட்டன.

செல்போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் படித்தாள். கையெல்லாம் மாவாக இருந்தால் முழங்கையால் தட்டி நிறுத்துவாள், மறுபடி முழங்கையால் ஓட விடுவாள். ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் கேள்விகள் வரும். ஒன்றிலும் தவறவில்லை. கடைசியில் 'முன்னோடி விவசாயி' என்று பச்சை நிறத்தில் ஒரு சான்றிதழ் திரையில் வந்தது. அண்ணனிடம் காட்டினாள். செடி இதைப் படித்துப் பார்க்குமா என்று கேட்டுவிட்டு, பாதி நிலத்தை அவளுக்கு ஒதுக்கினார்.

"இந்த ஒரு போகம் உன் இஷ்டம் பாப்பா. சரியா வரலைன்னா அப்புறம் நிலத்துப் பேச்சே எடுக்கக் கூடாது. கம்பெனியில பெட்டி அடுக்கற வேலைக்குப் போயிடணும்."

(நாற்பது வயதுத் தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான். வில்லனாக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.)

ஏழாம் பாடத்தில் வைக்கோல், சாணம், இலைதழை என்று அடுக்கடுக்காகக் குவிக்கிறார்கள். உடனே காட்சி மாறுகிறது. ஒரு பெண்ணின் உள்ளங்கையில் காப்பித்தூள் போலக் கறுப்பாக எரு. 'நன்கு மக்கியதும் எடுத்துப் பயன்படுத்தவும்' என்று ஒரு குரல். குவியலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இல்லை. அவளுடைய குவியல் மேலே கறுத்திருந்தது, ஆகிவிட்டது என்று நினைத்தாள். உள்ளே வைக்கோல் வைக்கோலாகவே இருந்தது. எல்லாவற்றையும் மண்ணோடு கொத்திக் கலந்து தக்காளி நாற்று நட்டாள்.

அண்ணன் பக்கத்துச் செடிகள் நிமிர்ந்தன. இவள் பக்கத்தில் அடி இலைகள் மஞ்சளாகின. பிறகு நடு இலைகள். நட்ட நாற்று நட்ட உயரத்திலேயே நின்றது. வரப்பில் போகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தையாவது கேட்டிருப்பாள்.

(ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இங்கே யாராவது சொல்லலாம். அப்படிச் சொல்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஏட்டில் இருந்ததே பாதிச் சுரைக்காய். மீதியை நறுக்கி எடுத்தவர்களை விட்டுவிட்டு ஏட்டையும் படித்தவளையும் குறை சொல்வது என்ன நியாயம்?)

4

பாடத்தில் ஓர் உதவி எண் உண்டு. கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் பாட்டு, பிறகு தேன் ஒழுகும் குரலில் ஒரு பதிவு: உங்களுக்கு அருகிலுள்ள முன்னோடி விவசாயியுடன் பேச எண் ஒன்றை அழுத்தவும். அழுத்தினாள். அவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. மதியம் கூப்பிட்டாள், அப்போதும் வேறொரு அழைப்பு. மறுநாளும் அதே கதை. வயலைப் பார்க்காமல் அப்படி என்ன ஊர்வம்பு பேசுகிறாரோ அந்த மனிதர் என்று வாய்விட்டே திட்டினாள்.

தன் போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் போனைக் கேட்டு வாங்கினாள். அதே எண், அதே பாட்டு, ஒன்றை அழுத்தினாள். இந்த முறை மணி போனது. அதே நேரம் இடுப்புப் பைக்குள் அவளுடைய போனும் அடித்தது. முக்கியமான நேரத்தில் எவரோ கூப்பிடுகிறார் என்று எரிச்சலோடு அதைத் துண்டித்தாள். கையிலிருந்த போனும் துண்டித்துக்கொண்டது. மறுபடி முயன்றாள். மறுபடி இரண்டும் சேர்ந்து அடித்தன.

அண்ணனுக்குத்தான் முதலில் புரிந்தது.

"எடு பாப்பா," என்றார். "நிபுணர் என்ன சொல்றாங்கன்னு கேப்போம்."

எடுத்தாள். அதே தேன் குரல்: வணக்கம், முன்னோடி விவசாயியே. ஒரு விவசாயி உங்கள் உதவியை நாடுகிறார்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். சிறிது நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கைப்பிடி யூரியா போட்டால் பச்சையாகிவிடும், யாருக்கும் சொல்ல மாட்டேன், ஜெயித்தது நீதான் என்று ஊரெல்லாம் நானே சொல்கிறேன் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கு அந்த அன்புதான் தாங்கவில்லை. தோற்றால் நிலம் போகும். இப்படி ஜெயித்தால், ஒவ்வொரு போகமும் இருட்டில் அண்ணன் வந்து தூவிவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

அப்போது வேறொன்று அவள் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே யார் யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவரைச் செடி மஞ்சளாகிறது என்றார். ஒரு பெண் கத்தரி வளரவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாள். எடுத்ததும் முதலில் வரும் குரலை ஏதோ விளம்பரம் என்று காதில் வாங்காமல், எல்லோருக்கும் தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

5

(இங்கே நான் அடைப்புக்குறியை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது.)

பாடப் பொறுப்பாளரின் அறைக்குப் போனேன். அறை மூலையில் ஆளுயரச் செடி ஒன்று, பிளாஸ்டிக். துப்புரவு செய்கிற அம்மா அதன் இலைகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் செடிக்குக் கிடைத்த கவனிப்பு தக்காளிக்குக் கிடைக்கவில்லையே என்று எழுதினால் மலிவான கிண்டல் ஆகிவிடும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உதவி எண்ணைப் பற்றிக் கேட்டேன். அருகில் யார் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களோ அவர்களுக்கு அழைப்பு போகும், எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொன்னார். சான்றிதழ் வாங்கியவருக்கே சந்தேகம் வந்தால் என்றேன். பாடத்தை மறுபடி பார்க்கலாமே என்றார். பாடத்தில் அது இல்லையே என்றேன்.

"இருந்துச்சுங்க. அஞ்சு நிமிஷம் வந்துச்சு. நாலுக்கு மேல போனா யாரும் பாக்கறதில்லை, அதனால ஒரு நிமிஷம் எடுத்துட்டோம். முக்கியமானதெல்லாம் இருக்கு."

உள்ளங்கையில் எருவோடு நின்ற அந்தப் பெண் ஒரு மண் ஆய்வாளர். அவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். தன்னுடைய பாடத்தை வெட்டியது அவருக்கே தெரியாது. என் போனிலேயே அதை ஓட்டிப் பார்த்தார். பிறகு, இரண்டு வருடம் வயல் வயலாகச் சுற்றி, ஜனங்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துத்தான் அந்த ஒரு நிமிடத்தையே எழுதினேன் என்றார். மீதி நான்கு நிமிடம் எல்லோருக்கும் தெரிந்ததுதானாம்.

6

முடிவுகள். எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) செடி பச்சையாகிறது, தங்கை சிரிக்கிறாள். பொறுப்பாளர் இதை நாளைக்கே போட்டுவிடுவார். பார்த்தீர்களா, பாடம் பலித்தது என்பார்.

ஆ) செடி கருகுகிறது, அவள் பெட்டி அடுக்கப் போகிறாள். இதைப் போட மாட்டார். அவள் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

இ) அண்ணன் தூவுகிறார், அவள் பார்க்காத மாதிரி இருக்கிறாள். உங்களில் சிலருக்கு இது பிடிக்கும். இலக்கியமாக இருக்கிறது.

ஈ) மஞ்சள் செடிக்காரர்கள் எல்லோரும் ஒன்றுகூடி, தாங்களே

(இதுதான் ஆபத்தானது. கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். 'விவசாயிகளே விவசாயிகளுக்கு ஆசான்' என்று தட்டி எழுதி மாட்டிவிட்டு, வெட்டிய நிமிடத்தை வெட்டியபடியே வைத்துவிடுவார்கள். முடிக்க மாட்டேன்.)

அவள் தோட்டம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. எதைச் சொன்னாலும் அந்த நிமிடம் திரும்பி வராது. அதனால் முடிவு இருக்க வேண்டிய இடத்தில், ஆய்வாளரிடம் கேட்டு வாங்கிய அந்த நிமிடத்தையே வைக்கிறேன்:

குவியலின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடு இருக்கக் கூடாது. கிளறிவிட்டால் மறுபடி சூடாகக் கூடாது. மூக்கை எரிக்கும் நெடி இருக்கக் கூடாது, நல்ல மண் வாசனை வர வேண்டும். வைக்கோல் இன்னும் வைக்கோலாகத் தெரிந்தால் ஆகவில்லை என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒரு சட்டியில் வெறும் மண், இன்னொன்றில் எரு கலந்த மண் வைத்து இரண்டிலும் பயறு போட்டுப் பாருங்கள். எரு கலந்ததில் முளை சோர்ந்தால் காத்திருங்கள். தெரியாமல் பாதி மக்கியதை மண்ணில் கலந்துவிட்டீர்களா? வைக்கோல் மக்குவதற்காக மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் இலை மஞ்சளாகிறது. சத்து எங்கும் போய்விடவில்லை, மக்கி முடிந்ததும் மண்ணுக்கே திரும்பும். அதுவரை, ஒரு பங்கு மாட்டுச் சிறுநீருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வேரோரம் ஊற்றுங்கள். செடியைப் பிடுங்காதீர்கள்.

அவ்வளவுதான். சத்தமாகப் படித்துப் பார்த்தேன், நிதானமாகப் படித்தும் ஒரு நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது.

7

இதை அவளிடம் போய் நேரிலேயே படித்துக் காட்டினேன். அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் பேசி எடுத்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஓர் அண்ணன் இருந்தால் சுலபமாக வரும்.

ஆனால் அதற்கு முன்னால் அவள் செய்தது ஒன்று உண்டு, அதை மட்டும் நடந்தபடி சொல்கிறேன். தப்பான நம்பர் என்று சொல்லி வைத்த எண்களைப் போனில் தேடி எடுத்தாள். முதலில் அந்த அவரைக்காரரைக் கூப்பிட்டாள். தான் யார் என்று சொல்லி, வேகவேகமாக விஷயத்துக்கு வந்தாள்.

"அன்னைக்கு இலை மஞ்சளாகுதுன்னு கேட்டீங்களே அண்ணே. எரு மக்காம போட்டிருப்பீங்க. சரியாயிடும், செடியை மட்டும் பிடுங்கிடாதீங்க."

"பிடுங்கியாச்சும்மா," என்றார் அவர். "போன வாரமே உழுதுட்டேன். நிலத்தைக் குத்தகைக்குப் பேசி விட்டாச்சு."

அவரே மேலும் பேசினார்.

"பரவாயில்லம்மா. நீங்களாவது திரும்பக் கூப்பிட்டீங்களே."

நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அவருக்கு மட்டும் மாற்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அ என்று போட்டு, எதிரே ஒன்றும் எழுத வராமல், அடித்துவிட்டேன்.