தொட்டி விளிம்பில் இடது கை

...இலையை மட்டும் பிடித்திருக்கலாம், செடித் தொட்டி விளிம்புக்கு அடியில் எதற்கு விரலை விட்டோம், சேனாபதி மூச்சை அடக்கிக்கொண்டான். வெண்டை இலையின் பொறிவண்டு கேமராவுக்குள் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் இடது நடுவிரலில் ஏதோ நூல், பட்டதும் அறுந்துபோகிற சாதாரண சிலந்தி நூல் இல்லை, முறுக்கிய நைலான் மாதிரி இழுத்தது. லென்ஸைக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தான், அப்படி மாட்டினால் கடுகுகூட எலுமிச்சம்பழமாகத் தெரியும், ஆனால் முகத்தை அருகே கொண்டுபோக வேண்டும், ஆடாமலிருக்க லென்ஸை இடது கைமேலேயே ஊன்ற வேண்டும். இப்போது கையும் கண்ணும் ஒரே இடத்தில்... எண்ணெய் தடவியது போல ஒரு கறுப்புக் கால் விரல்முட்டியில் ஏறியது, அப்புறம் இன்னொன்று, உடம்பு விளிம்பைச் சுற்றி மேலே வரும்போது அடிவயிற்றில் அந்தச் சிவப்பு. வேலை செய்யும் ஓட்டலில் ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டிய காகிதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த அதே விஷச் சிலந்தி, பிளாக் விடோ. பொறிவண்டு எங்கே போனது? இப்போது கண் நிறைய இதுதான்.

தோசை போட்டுக்கொண்டிருந்த சுப்பையன் அண்ணனை ஸ்டோர் ரூமில் கடித்தது இதுதானே, ஷூவுக்குள் இருந்தது, வயிறு பலகை மாதிரி இறுகி, இந்த அமெரிக்க ஊர் ஆலனின் ஆஸ்பத்திரியில் முனகிக்கொண்டு கிடந்தார், எழுந்து வருவதற்குள் தோசைக்கல் முன்னால் வேறொருவன் நின்றான், முதலாளி கொடுத்த வேலை போனால் முதலாளி எடுத்துக்கொடுத்த விசாவும் போச்சு, அண்ணன் ஊருக்கே போய்விட்டார். கல்லில் தோசை மாவை இழுக்கிற கை எனக்கு இடது கை. உதறலாமா? உதறினால் கடிக்கும். ஊதலாமா? ஐயோ, மூச்சே விடக்கூடாது...

"ஏங்க, காபி ஆறிப்போச்சு." நாகரத்தினம், சமையலறைக் கதவிலிருந்து. "லீவு நாள்ல பூச்சிய நிக்க வச்சு நிக்க வச்சு எடுக்கறீங்க, என்னை ஒருநாள் எடுத்திருப்பீங்களா? கூப்பிட்டா வாய்ல கொழுக்கட்டையா?" வராதே என்று சொல்ல வாய் திறக்கவில்லை. செருப்புச் சத்தம், மரப்பலகைத் தளம் லேசாக அதிர்ந்தது, சிலந்தி நின்றது, முன்கால் இரண்டையும் தூக்கியது, வராதே ரத்தினம், அங்கேயே நில்லு, கொஞ்சம் நில்லு...

கிளிக்.

சிலந்தி நூலைப் பிடித்து விளிம்புக்கு அடியில் இறங்கிவிட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான், வெறுங்கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்தான், விரல்முட்டியில் ஒன்றுமில்லை, ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

"மூஞ்சி ஏன் இப்படி வேர்த்திருக்கு? அதான் எடுத்தாச்சே, வாங்க."

எடுத்தாச்சு. யார் எடுத்தது? இடது கை செத்தது போலக் கிடந்தபோது, மனசு சுப்பையன் அண்ணன் கட்டிலடியில் நின்றபோது, வலது விரல் தானாக அழுத்தியிருக்கிறது, அதுவும் அந்த முன்கால் தூக்கிய நேரம் பார்த்து... ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்லப் போனான், சொல்வதற்குள் கட்டைவிரல் அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தது.