நூற்றுப்பத்து நாள் நெல்

என் கணவர் இருதயசாமியை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் நான் மட்டும் பேசினேன். அவருடைய கணையப் புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது.

"முதல்ல குடுத்த கீமோ இனிமே கேக்காதும்மா. அடுத்த மருந்து ஒண்ணு இருக்கு. பம்ப் மாட்டி அனுப்புவோம், வீட்டுலயே ரெண்டு நாள் ஏறும். ஆனா குணமாக்காது. ஒடம்பு தாங்கினா மூணு நாலு மாசம் கிடைக்கலாம். போட்டுக்கிறாரான்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

நான் கேட்கவில்லை. "புது மருந்தாம், சரியாயிடுமாம்" என்று அவரிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

திரும்பும் வழியில் பாபநாசத்தில் காரை நிறுத்தி விதைநெல் வாங்கினேன். முப்பது வருஷமாகச் சம்பாவுக்கு அவர் போடுவது நூற்றைம்பது நாள் நெல். சீக்கிரம் விளையும் ரகத்தை "அவசரக்காரன் நெல்லு" என்று கேலி செய்வார். கடைக்காரர் எது வேண்டும் என்றபோது அதைத்தான் கேட்டேன். ஒரு அறுப்பையாவது அவர் பார்க்கட்டுமே.

வீட்டில், மூட்டையில் தைத்திருந்த அட்டையை அவர் திருப்பிப் படித்தார்.

"நூத்திப்பத்து நாளு."

"அந்த மடப்பய மாத்திக் குடுத்துட்டான். நாளைக்குப் போயி நாலு கேள்வி கேக்குறேன்" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இதுவே கொஞ்சம் நீளந்தான், மேரி."