சாவி போடாமல் எரிந்த பல்பு

கோமதிநாயகத்தின் அப்பா ஓட்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அவர் செத்த பிறகு கரிவலம்வந்தநல்லூர் பருத்திக் குடோனில் வருஷக்கணக்கில் கிடந்தது. கோமதிநாயகம் தன் மகள் யோகலட்சுமியின் கல்யாண ஊர்வலத்துக்கு அதுதான் வேண்டும் என்று புது பேட்டரி போட்டான். ஒரே ராத்திரியில் சார்ஜ் இறங்கிவிட்டது. ஆட்டோ எலக்ட்ரீசியனான என்னைக் கூப்பிட்டான்.

பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் டெஸ்ட் பல்பை மாட்டினேன். சாவி போடாமலே மங்கலாக எரிந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் அணையவில்லை. அப்படியென்றால் ஃபியூஸ் இல்லாத வயரில்தான் கரண்ட் கசிகிறது. வயர் சூடேறினால் கரண்டைத் துண்டிக்க ஒன்றும் கிடையாது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டேன். எலி கடித்த வயரின் மேல் யாரோ மண்ணைக் குழைத்து அப்பியிருந்தார்கள். ஈரம் காயாத மண் வழியாகக் கரண்ட் கார் தகரத்துக்குக் கசிந்து, மண் சுட்டது.

"அது கோயில் புற்றுமண்ணு அண்ணாச்சி. பாம்பு அண்டாம இருக்கட்டும்னு எம் பொஞ்சாதி வச்சா" என்றான்.

"சாமி மண்ணுன்னு பாம்புக்குத் தெரியும்வே. கரண்டுக்குத் தெரியுமா? வழிச்சுட்டு வயரை மாத்துதேன்."

"கல்யாணத்துக்கு முந்தி அதைத் தொடப்படாது. பேட்டரியை மாட்டும், போதும்."

"புள்ளை உக்கார்ற வண்டி. தீப்பிடிக்கும்."

"நல்ல காரியத்துல என்ன பேச்சு பேசுதீரு? மாட்ட வேற ஆளா இல்ல?"

நான் மாட்டவில்லை. வேறு எவனோ மாட்டிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் மேளத்தோடு அந்தக் கார் என் கடையைத் தாண்டியது. யோகலட்சுமி மாலையோடு சிரித்துக் கை காட்டினாள். பின்னாலேயே ரப்பர் கருகும் வாடை வந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மேளத்தில் எவனுக்கும் கேட்கவில்லை.

கடையில் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.