பனி உருகும்போது வருகிறவர்

எங்கள் அக்கா மேட்லன் இருபது வருஷமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் கனடாவிலிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்குப் போவாள், காட்டு ப்ளூபெர்ரி வார. எங்கள் மிக்மாக் பழங்குடி ஜனங்களில் பாதிப் பேர் அப்படித்தான். முழங்கால் உயரம்கூட வராத செடி. நாள் முழுக்கக் குனிந்தே பழத்தை வார வேண்டும். அங்கே வயலைப் பார்த்துக்கொண்டவர் மெரில். அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருஷம் அவள் வீட்டில் நின்றுவிட்டாள். நான் மட்டும் போய்த் திரும்பினேன்.

"என்னைக் கேட்டாராடி?"

"வண்டிய விட்டு நான் இறங்கல, அதுக்குள்ள கேட்டாரு."

அடுத்த வசந்தத்தில் மெரில் போன் செய்தார். "உங்க ஊர்ப் பாறை மேட்டுல அதே செடிதான இருக்கு? மொட்டு விரியறதுக்கு முன்னாடி மண்ணோட பாளமாப் பெயர்த்து எடு. அடியில ஓடுற தண்டு அறுந்துடக் கூடாது. ரெண்டு வேற வேற இடத்துலேர்ந்து எடு, ஒத்தைச் செடிக்கூட்டம் தனியா சரியாக் காய்க்காது. புளிச்ச மண்ணுதான் அதுக்குப் புடிக்கும். சுண்ணாம்பு, எரு எதுவும் போட்டுராத. மேல மரத்தூள் பரப்பு."

அக்கா வீட்டுக்குப் பின்னால், அப்பாவின் ஜன்னலுக்கு நேரே நட்டாள். முதல் இரண்டு வருஷமும் பூவைக் கிள்ளிப் போடச் சொன்னார் மெரில். வெள்ளை மணி மாதிரிப் பூக்களைக் கிள்ளிவிட்டு அன்றெல்லாம் யாரோடும் பேச மாட்டாள். மூன்றாம் வருஷம் ஒரு கிண்ணம் பழம் கிடைத்தது. அப்பாவுக்கு ஒவ்வொன்றாக ஊட்டினாள். தான் ஒன்றுகூட வாயில் போடவில்லை. மெரிலுக்குப் போன் போட்டு, "இனிப்பா இருக்கு" என்றாள்.

"சரி, பனி உருகினதும் தரையோட வெட்டிடு."

"என்னது? மூணு வருஷம் புள்ள மாதிரி வளர்த்திருக்கேன்!"

"வெட்டினாத்தான் புதுசா அடர்த்தியா வரும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டணும்."

"எனக்கு வெட்டத் தெரியாது. கையும் வராது."

"நான் வந்து வெட்டித் தரேன்" என்றார்.

ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டி வந்தார். வெட்டுவது அரை மணி வேலை. நான்கு நாள் இருந்தார். அக்கா விலாங்குக் குழம்பு வைத்தாள். அப்பா ஒரு பக்க வாயால், "யாரு இவன்?" என்று தினமும் கேட்டார். "தோட்டக்காரருப்பா" என்று தினமும் சொன்னாள்.

அந்த வருஷம் காய்க்கவில்லை, அடுத்த வருஷம் கொள்ளைக் காய்ப்பு. அப்படியே மூன்று முறை வந்து வெட்டிப் போனார். இடையில் வராத வசந்தங்களில் அக்கா பனி வடிகிற பாதையைப் பார்த்தபடி பாத்திரம் துலக்குவாள். ஒரே தட்டைத் துலக்கிக்கொண்டே இருப்பாள்.

செடி நட்டதிலிருந்து ஒன்பதாவது குளிர்காலத்தில் அப்பா போய்விட்டார். பனி உருகியதும் மெரில் கத்தரியோடு வந்தார். செடியெல்லாம் ஏற்கெனவே தரையோடு வெட்டியிருந்தது.

"யார் வெட்டினா?"

"நான்தான்."

"தெரியாதுன்ன?"

"மொத தடவ நீங்க வெட்டறப்பவே கத்துக்கிட்டேன்." அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே வெட்டறதுக்குன்னு வர வேணாம்."

மனுஷர் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப நான் வரவே வேணாமா?"

"வந்துட்டுத் திரும்பிப் போக வேணாம்னு சொல்றேன்."

கத்தரியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். இந்த ஒரு அறுவடையை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு அக்டோபரில் வருகிறேன் என்றார்.

அக்டோபர் முடிந்தும் வரவில்லை. வயல் பொறுப்பை வேறு ஆளிடம் ஒப்படைக்க நாளாகிறது என்று போனில் சொன்னார். அத்தனை வருஷம் பொறுத்தவள் அந்த மூன்று வாரம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். நவம்பரில் ஒரு மழை நாள், வண்டி வந்து நின்றது. அக்கா செருப்புகூட இல்லாமல் ஓடினாள்.

"இவ்வளவு நேரமா?" என்றுதான் கத்தினாள்.