செங்கலுக்கு நல்ல மண்

நிலம் பார்க்கப் போன அன்று அச்சுக்காரன் கிணறு எங்கே, பாதை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். எச்சிலைத் துப்பிப் பிசைந்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி வெளியே தள்ளினான். விரல் நீளத்துக்கு வந்தும் அது அறுந்து விழவில்லை. ஒரு மணல்கூட நறநறக்கவில்லை.

"நல்ல மண்ணு" என்றான்.

அவன் மனைவி அதை வாங்கி உருட்டிப் பார்த்தாள். "வெண்ணெய் மாதிரி இருக்குங்க."

இருவரும் இருபத்து மூன்று வருடம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். அவன் அச்சில் மண்ணை அடித்துக் கல் அறுப்பவன். அவள் வெந்த கல்லைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுபவள். மற்றவர்கள் ஒரு நடைக்குப் பத்துக் கல் தூக்கினால் அவள் பன்னிரண்டு தூக்குவாள். அதனால் சூளையில் அவளுக்குப் பெயரே பன்னெண்டு. சூளைக்காரர்கள் வாயில் நல்ல மண் என்றால் ஒட்டும் மண், தண்ணீரை உள்ளே விடாத மண், காய்ந்தால் இறுகும் மண். அதைத்தான் இருவரும் சொன்னார்கள். எதற்கு நல்ல மண் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. நிலத்தை விற்றவன் கேட்பானா?

நிலம் தேட வேண்டி வந்ததே பன்னெண்டின் கழுத்தால்தான். போன வருடம் கை மரத்துப்போய், படம் எடுத்துப் பார்த்ததில் கழுத்து எலும்பு இரண்டு தேய்ந்திருந்தது.

"இனிமே தலையில ஒண்ணும் வைக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணிகூட" என்றார் டாக்டர்.

"எண்ணெயாவது வைக்கலாமா, டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகு அச்சுக்காரனும் சிரிக்கவில்லை. "இன்னொரு சீசன் நீ கல்லு தூக்கினா உன்ன நான் தூக்கணும்" என்றான். அன்றுதான் முடிவானது. அவளுக்கு நிலம், நிலத்தில் பப்பாளி.

"ஏன் பப்பாளி?" என்று கேட்டாள்.

"ஒம்பது பத்து மாசத்துல காய்க்கும். கைக்கு எட்டுற உசரத்துல தொங்கும். தலையில தூக்க வேண்டாம், கூடையில இழுத்துக்கலாம்."

அந்தப் பக்கம் நிலம் ஆற்றிலிருந்து படிப்படியாக ஏறும். முதல் படியில் வருடா வருடம் வெள்ளம் புரளும். அங்கே யாரும் வீடு கட்டுவதில்லை. இரண்டாம் படி ஓர் ஆள் உயரம் மேலே, பலகை போட்டது போலத் தட்டையாக இருக்கும். அதற்கும் மேலே செம்மண், வீடுகள், சாலை. இவர்கள் வாங்கியது இரண்டாம் படியில். "நாப்பது வருஷமா ஆறு இங்க ஏறினதில்ல" என்று விற்றவன் சொன்னதில் பொய் இல்லை.

வெயில் காலத்தில் நிலம் வெடித்தது. வெடிப்பு என்றால் கை நுழையும் வெடிப்பு. கொட்டகைச் சாவி ஒருநாள் அதில் விழுந்து, அச்சுக்காரன் தோள்வரை கையை விட்டுத் துழாவியும் கிடைக்காமல் பூட்டை உடைத்தார்கள். கன்றுகளுக்கு ஊற்றிய தண்ணீர் சளக்கென்று காணாமல் போனது. நாலு குடம் ஊற்றினாலும் ஒரு நிமிடம் நிற்காது.

"என்னா தாகம் பாரேன்! இந்த மண்ணுல தண்ணி நிக்கவே நிக்காது போல" என்று அவன் பூரித்தான்.

அறுபது கன்று வாங்கியிருந்தார்கள். நாற்பத்தொன்பதைச் சமதரையில் வரிசையாக நட்டார்கள். மிஞ்சிய பதினொன்றை, கக்கூஸ் குழி வெட்டிக் குவித்திருந்த மண்மேட்டில் பன்னெண்டு சொருகி வைத்தாள். "அங்க எதுக்குடி?" என்று அவன் கேட்டதற்கு, "தூக்கிப் போட மனசில்ல" என்றாள்.

மழை வந்த முதல் நாளே வெடிப்புகள் ஊதி மூடிக்கொண்டன. இரண்டாம் நாள் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. மூன்றாம் நாளும் நின்றது. ஆறு எட்டிப் பார்க்கக்கூட இல்லை, தன் பள்ளத்தில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வானத்தில் இருந்து விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அச்சுக்காரன் வாளியால் இறைத்தான். எங்கே கொண்டுபோய் ஊற்றுவது? ஊற்றியது திரும்பி அவன் காலுக்கே வந்தது.

ஏழாம் நாள் பன்னெண்டு ஒரு கன்றைப் பிடுங்கினாள். வேர் கையோடு வழவழவென்று கழன்று வந்தது. அழுகின முட்டை நாற்றம். இன்னொன்றைப் பிடுங்கினாள். அப்புறம் பிடுங்குவதை நிறுத்திவிட்டாள்.

அதன்பின் அச்சுக்காரன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. காலையில் எழுந்து பாத்திரம் கழுவினான். சொல்லாமலே அவள் துணியைத் துவைத்தான். குழம்பில் உப்பு இல்லாததையும் சொல்லாமல் தின்றான்.

"ஏங்க, செத்தது பப்பாளி. நான் இல்ல" என்றாள்.

"நான்தானே நல்ல மண்ணுன்னு சொன்னேன்."

"நானும்தான் வெண்ணெய்ன்னேன். வெண்ணெயில யாராவது செடி வைப்பாங்களா? ரெண்டு பேருக்கும் மூளை சூளையில வெந்துபோச்சு. சாப்பிடுங்க."

சேதி கேட்டு அவளுடைய அண்ணன் வந்தார். சூளையில் மேஸ்திரி. நல்ல மனிதர்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் அது எத்தனை கல் வரும் என்று பார்க்கும் கண். வரப்பில் நின்று ஒரு கட்டியை எடுத்து உடைத்தார்.

"மாப்ள, தங்கமான மண்ணுய்யா. நாலடி ஆழம் மட்டும் வெட்டி எடுத்துக்கறோம். தங்கச்சிக்குச் சூளையில காயப்போட்ட கல்லைத் திருப்பிப் போடற வேலை தரேன். தலைச்சுமை இல்ல."

"குனிஞ்சே நிக்கற வேலை அது. தலையில தூக்கலன்னாலும் கழுத்துதானே குனியுது, அண்ணே?" என்றாள் பன்னெண்டு.

"வேற என்ன பண்ணப் போற, பாப்பா? நீச்சல் கத்துக்கப் போறியா?"

அச்சுக்காரன் தலையைக் குனிந்துகொண்டு, "எடுத்துக்குங்க, மச்சான்" என்றான்.

"யாரைக் கேட்டு எடுத்துக்கறது?" அவள் குரல் உயரவில்லை. "நாலடி போனா மிச்சம் குளம். வியாழக்கிழமை விவசாய ஆபீஸ்ல இருந்து ஆள் வருது. அது வரைக்கும் ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

வியாழக்கிழமை வந்தது ஓர் இளம்பெண். திருகாணி மாதிரி நீண்ட இரும்புக் கம்பியும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும். நிலத்தில் நாலாவது அடி வைத்ததும் பூட்ஸ் அங்கேயே நின்றது, கால் மட்டும் வெளியே வந்தது. அச்சுக்காரன் இரண்டு கையாலும் பூட்ஸைப் பிடுங்கி எடுத்துக் கொடுத்தான். "இந்த மண்ணு யாரையும் விட்டதில்லம்மா, எங்களையே பிடிச்சு வச்சிருக்கு" என்றான். அந்த வாரத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஆபீசர் கம்பியைத் திருகித் திருகி இறக்கி, ஏறிவந்த மண்ணைச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தாள். மேலே ஒரு சாண் கறுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறம், அதில் துருப்பிடித்த ஆணி குத்திய மாதிரிப் புள்ளிகள்.

"சாம்பலா இருக்கே, இது காத்து போகாத மண்ணு. வருஷத்துல மூணு நாலு மாசம் தண்ணியிலயே ஊறுது. துருப் புள்ளி இருக்கற இடத்துல வேர் போன ஓட்டை வழியா கொஞ்சம் காத்து போயிருக்கு."

"அந்தப் புள்ளிதான் சூளைக்குப் போனா கல்லுக்குச் சிவப்பு குடுக்கும்" என்றான் அச்சுக்காரன்.

"அப்படியா? எனக்குத் தெரியாது" என்று அவள் அந்தக் கட்டியை மறுபடி பார்த்தாள்.

"ஆறு இங்க ஏறினதே இல்லன்னாங்களே, மேடம்" என்றாள் பன்னெண்டு.

"இப்ப ஏறறதில்ல. ஆனா எந்தக் காலத்துலயோ இதைக் கொண்டுவந்து போட்டதே ஆறுதான். ஓடற வெள்ளம் மணலைக் கரையோரம் போட்டுரும். தேங்கி நிக்கற இடத்துலதான் இந்த மாதிரி களி படியும்."

"வெயில்ல தண்ணி எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சுதே?"

"குடிக்கல. வெடிப்புக்குள்ள விழுந்துச்சு."

அச்சுக்காரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். குழாய் புதைத்தால் வடியுமா என்று கேட்டான். குழாய்க்குத் தண்ணீர் வந்து சேர வேண்டுமே, இந்தக் களியில் அது ஒரு விரற்கடை நகரவே ஒருநாள் ஆகும் என்றாள் ஆபீசர். மேலேயே ஓடவிடுவது ஒன்றுதான் வழி.

பன்னெண்டு அவளைக் கையைப் பிடித்துக் கக்கூஸ் குழிப் பக்கம் இழுத்துப் போனாள். மண்மேட்டில் சொருகிய பதினொரு கன்றும் நின்றன. அவற்றில் இரண்டு புதுக் குருத்து விட்டிருந்தன.

"நான் ரெண்டு நாளா இதத்தான் பாத்துட்டிருக்கேன். இடுப்பளவு உசந்தா பொழைக்குது. நிலம் முழுக்க இப்படி மேடு போட்டு, நடுவுல வாய்க்கால் வெட்டி, ஆத்துப் பக்கம் திறந்துவிட்டா?"

"போடலாம்." ஆபீசர் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஈரத்துல வெட்டினா பாளம் பாளமா வந்து கல்லாயிரும், வேர் இறங்காது. காஞ்சப்புறம் மண்வெட்டியே இறங்காது. நடுவுல சில நாள்தான் இது பொலபொலன்னு உதிரும். அந்த நாளைத்தான் எல்லாரும் கோட்டை விடறாங்க."

"பதம்" என்றான் அச்சுக்காரன். "பதத்தச் சொல்றீங்க. அச்சு மண்ணுக்கு முந்தின பதம், கையில உருட்டினா உருளாம உடையணும். அதை எங்கிட்டயா சொல்றீங்க?" என்று நிமிர்ந்தான். அந்த நிமிர்வைப் பார்த்துப் பன்னெண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தண்ணீர் வற்றியபின் அவன் தினமும் மூன்று வேளை மண்ணைத் தொட்டுப் பார்த்தான். "இன்னைக்கு இல்ல." "இன்னும் ஒட்டுது." அவள் கிண்டல் செய்தாள்: "எனக்கு ஜுரம் வந்தப்பகூட இத்தனை தடவை தொட்டுப் பாத்ததில்ல நீங்க." ஐந்தாம் நாள் மதியம் உருண்டை கையில் உதிர்ந்தது. அவன் சட்டையைக் கழற்றினான்.

அந்தப் பதம் நாலு நாள் நின்றது. நாலு நாளும் அவன் வெட்டினான். மண்வெட்டிக்குப் பின்னால் மண் புட்டு மாதிரி சரிந்தது. அவள் கயிறு கட்டிக் கோடு போட்டாள். ஒளிவுமறைவாக ஒரு கூடை மண்ணைத் தலைக்கு ஏற்றப் போனபோது பிடிபட்டாள்.

"கீழ வை."

"பாதிக் கூடைதான்."

"கால் கூடையா இருந்தாலும் கீழ வை. இல்லன்னா வாய்க்காலை மூடிட்டு உங்கண்ணன் கூடப் போயிருவேன்."

அவள் வைத்தாள். பழைய தகர ஷீட்டில் துளை போட்டுக் கயிறு கட்டி, அதில் மண்ணை ஏற்றி இழுத்தாள். ஒன்பது மேடு முடிந்தது. பத்தாவது பாதியில் இருக்கும்போது பதம் போய்விட்டது. ஐந்தாம் நாள் மண்வெட்டி டங்கென்று துள்ளியது. போட்டது போட்டபடி நிறுத்தினார்கள்.

அடுத்த மழை மூன்று நாள் அடித்தது. மேஸ்திரி குடையோடு வந்தார், பதில் கேட்க. மேடுகளுக்கு நடுவே பழுப்புத் தண்ணீர் மெதுவாக, ஆனாலும் நிற்காமல், ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு மேடு ஓரத்தில் சரிந்திருந்தது. தாழ்ந்த மூலையில் தண்ணீர் நகர மறுத்தது. அங்கே சேம்பு போடப் போவதாகப் பன்னெண்டு சொன்னாள். மேடுகளில் புதிதாக வாங்கி நட்ட கன்றுகளில் எட்டு போயின. மற்றவை மழையில் நனைந்துகொண்டு நின்றன.

"அப்ப மண்ணு?" என்றார் அண்ணன்.

"தர மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் என்ன." அவர் மேட்டில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். "இவ்வளவு மண்ண வெட்டினவனா நம்ம மாப்ள? சூளையில ஒருநாளும் இந்த வேகத்தப் பாத்ததில்லயே."

"சூளை உங்களுது" என்றாள்.

மழைக்காலம் முடிந்து சூளை திறந்தது. புதுக் கன்று காய்க்க அடுத்த வருடம் ஆகும். அதுவரை ஒருவராவது சம்பாதிக்க வேண்டும். அச்சுக்காரன் பெட்டியைக் கட்டினான். கல்யாணமான நாளில் இருந்து அவன் தனியாகச் சூளைக்குப் போனதில்லை.

மேலே சாலையில் லாரி வந்து நின்றது. அவன் படியேறும்வரை சொல்லிக்கொண்டே போனான். சரிந்த மேட்டை இப்போது தொடாதே. மாசக் கடைசியில் ஒரு ஞாயிறு வருகிறேன். கழுத்துக்குத் தைலம் மறக்காதே.

"நீங்க முதல்ல சோத்துக்கு உப்பு போடக் கத்துக்குங்க" என்றாள். "அங்க உங்களுக்கு யார் இருக்கா?"

அவன் அவள் கழுத்தின் பின்புறம் கையை வைத்தான். சாலையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையை எடுக்கவில்லை.

மேஸ்திரி நோட்டோடு லாரிக்குப் பக்கத்தில் நின்று பெயர் கூப்பிட்டார். அச்சுக்காரன் ஏறியதும் வழக்கப்படி அடுத்த பெயரையும் படித்தார். இது அவருடைய பழக்கதோஷம்.

"பன்னெண்டு?"

"வரல" என்று அச்சுக்காரன் லாரியே கேட்கும்படி சத்தம் போட்டான். "அவ தோட்டக்காரி. அடிச்சுருங்க, மச்சான்."

மேஸ்திரி பேனாவைத் தேடி எடுத்து, பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். கீழே பன்னெண்டு ஏற்கெனவே முதல் மேட்டின் களையில் கை வைத்திருந்தாள். குனிந்து அல்ல, மேட்டின் ஓரத்தில் நன்றாக உட்கார்ந்து.